படகு ட்ரெயிலர் பேரிங்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குப் படகை இழுத்து வந்தால் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். கரைக்கு வரும்போது, பேரிங் உள்ளே இருக்கும் சக்கரத்தின் நடுக்குடமான ஹப் நன்றாகச் சூடேறியிருக்கும். வந்த கையோடு ட்ரெயிலரைக் கடலுக்குள் இறக்குவதுதான் நான் அதிகம் காணும் தவறு. சூட்டில் விரிந்திருந்த உள்காற்று, தண்ணீர் பட்டதும் சட்டென்று சுருங்கும். அந்த இடத்தை நிரப்ப, ஹப்பின் பின்பக்கத்தை அடைக்கும் ரப்பர் வளையமான ஒயில் சீலின் விளிம்பு வழியாக உப்புநீரை உள்ளே இழுத்துவிடும். சீல் புதிதென்றாலும் முழுதாக நம்பாதீர்கள். வலையும் எஞ்சினும் ஏற்றி முடிக்க எப்படியும் 20 நிமிடம் போகும். அதற்குள் ஹப் ஆறட்டும். திரும்பி வந்து நல்ல தண்ணீரால் கழுவுவது வெளிப்புறத்துக்குத்தான் உதவும். உள்ளே போன உப்பு உள்ளேயேதான் இருக்கும். கிறீஸ் பால்தேநீர் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போய்விட்டது என்று அர்த்தம்.

அடுத்தது மாரிகாலம். வாடைக்காற்று தொடங்கிப் படகு கரையேறியதும் ட்ரெயிலரையும் மரத்தடியில் அப்படியே விட்டுவிடுகிறோம். பேரிங்கின் உருளைகள் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்க, ஈரம் அந்தக் கோட்டிலேயே துருப்பள்ளம் போடும். பேரிங்கைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, நன்றாக உலர்த்தி, புதுக் கிறீஸ் இடும் வேலையை நிறுத்தி வைக்கும் முன்பே செய்யுங்கள். கடலுக்கென்று வரும் தண்ணீர் தாங்கும் கிறீஸே வேண்டும். பழையதன்மேல் வேறொரு வகையைப் பூசினால் இரண்டும் சேர்ந்து இளகி ஓடக்கூடும். உள்ளங்கையில் கிறீஸை வைத்து, உருளைகளின் இடுக்கெல்லாம் பிதுங்கும்வரை அழுத்தி ஏற்றுங்கள். கிறீஸ் கன்னால் அவசரமாக அடித்தால் பின்னாலுள்ள ஒயில் சீல் கழன்றுவிடும்.

ஒரு முறை காசை மிச்சம்பிடிக்க, உருளைக்கூட்டை மட்டும் மாற்றிவிட்டு, உருளைகள் ஓடும் வெளிவளையமான பழைய கப்பை ஹப்பிலேயே விட்டேன். விசுவமடுவைத் தாண்டியதும் சக்கரம் கழன்று வயலுக்குள் ஓடியது. படகு சரிந்து நின்றதைப் பார்த்த வயிற்றெரிச்சல் இன்னும் போகவில்லை. கூடும் கப்பும் சோடி; சேர்த்தே மாற்ற வேண்டும். கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோய் அதிலுள்ள எண்ணைக் காட்டுங்கள். 30205 என்றால் கடைசி 05-ஐ 5ஆல் பெருக்க, உள்விட்டம் 25 மில்லிமீட்டர். 30206 என்றால் 30. ஒயில் சீலை ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள், ஸ்பிரிங் உள்ள பக்கம் உள்நோக்கி இருக்கட்டும். கப்பைச் சுத்தியலால் நேரே அடிக்காமல், பித்தளைக் கம்பி வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி இறக்குங்கள்.

ஹப்பை அச்சில் பிடித்து வைக்கும் நட்டை ஸ்பானரால் இறுக்கி அப்படியே விடுவது பெரிய பிழை. ஹப்பைச் சுழற்றிக்கொண்டே இறுக்கி, பிறகு தளர்த்தி, விரலால் மட்டும் திரும்ப முடுக்கிப் நட்டு கழலாமல் பூட்டும் புது ஸ்பிளிட் பின் போடுங்கள். மிக நுண்ணிய ஆட்டம் இருக்கத்தான் வேண்டும்.

அப்புறம் 5 கிலோமீட்டர் ஓடி நிறுத்தி, இரண்டு ஹப்பையும் புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால், முதலில் அந்தப் பக்க நட்டைத்தான் பார்க்க வேண்டும்.