சென்னையில் வாடகை பேசுவது எப்படி: அட்வான்ஸ் முதல் பெயின்டிங் வரை

சென்னையில் வாடகைக்கு வீடு பார்க்கும் பலர், மாத வாடகையில் 500 ரூபாயைக் குறைப்பதிலேயே மூச்சையெல்லாம் செலவழித்துவிட்டு, மற்ற நிபந்தனைகளுக்குத் தலையாட்டிவிடுகிறார்கள். அண்மையில் இரண்டு படுக்கையறை வீடு ஒன்றைப் பேசி முடித்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: வீட்டுக்காரர் இறங்கிவர மிகவும் தயங்குவது அந்த மாத வாடகையில்தான், ஏனென்றால் மாடியில் குடியிருப்பவருக்கும் பக்கத்துப் போர்ஷன்காரருக்கும் அந்தத் தொகை எப்படியும் தெரிந்துவிடும். அட்வான்ஸ், ஆண்டு உயர்வு, மின்கட்டணம், பெயின்டிங் ஆகியவற்றில் அவருக்கு அந்தச் சங்கடம் இல்லை. பேரத்தை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: விசாரியுங்கள்

தெருவின் நிலவரத்தை அறிய வீடு தேடும் செயலிகளை நான் நம்புவதில்லை. அவற்றில் இருப்பது வீட்டுக்காரர் கேட்கும் தொகையே தவிர, படிந்த தொகை அல்ல. தெருமுனையில் இஸ்திரி போடுபவரிடம் நான்கு சட்டைகளைக் கொடுத்துவிட்டுப் பேச்சுக் கொடுத்தால், அந்த வீடு எவ்வளவு நாளாகப் பூட்டிக் கிடக்கிறது, முன்பு இருந்தவர் ஏன் காலி செய்தார், கோடையில் தண்ணீர் லாரிக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். தரகரை உங்களுக்காகப் பேரம் பேசச் சொல்லாதீர்கள். அவருடைய கமிஷன் வழக்கமாக ஒரு மாத வாடகை என்பதால், வாடகை குறைந்தால் அவருக்கும் குறையும்.

படி 2: காலம் பாருங்கள்

பள்ளி திறக்கும் நேரமான மே, ஜூன் மாதங்களில் பேரத்துக்கு இடமே இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் பலர் புதுவீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள் என்பதால், ஆனிக்குள் ஆள் வராத வீடு ஆவணி வரை காலியாகக் கிடக்கலாம் என்பது வீட்டுக்காரருக்கு நன்றாகத் தெரியும். நீங்கள் ஆடியைப் பொருட்படுத்தாதவர் என்றால், வருகிற ஞாயிற்றுக்கிழமையே குடிவருகிறேன் என்று சொல்வதே உங்கள் பெரிய பலம்.

படி 3: மொத்தக் கணக்கைப் போடுங்கள்

எனக்கு மிகவும் சிக்கலாக இருந்த படி இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். இதற்குச் செயலி ஒன்றும் தேவையில்லை. ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

வாடகை 18,000 ரூபாய், அட்வான்ஸ் பத்து மாதம் என்று வைத்துக்கொள்வோம். 1,80,000 ரூபாய் வட்டியில்லாமல் அவரிடம் முடங்குகிறது. வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டிருந்தால் ஆண்டுக்கு 12,600 ரூபாய், அதாவது மாதம் 1,050 ரூபாய் வந்திருக்கும். அட்வான்ஸை ஆறு மாதமாகக் குறைத்தால், வாடகையில் கைவைக்காமலே மாதம் 420 ரூபாய் உங்களுக்கு மிச்சமாகிறது.

ஆண்டு உயர்வு இதைவிடப் பெரியது. 10 சதவீத உயர்வில் அந்த 18,000 ரூபாய் நான்காம் ஆண்டில் 23,958 ரூபாயாகிவிடும். 5 சதவீதம் என்றால் 20,837 ரூபாய்தான். நான்கு ஆண்டுகளையும் கூட்டினால் வித்தியாசம் ஏறக்குறைய 71,000 ரூபாய். முதல் நாளில் போராடிக் குறைத்த 500 ரூபாய் அதே காலத்தில் 30,000 ரூபாயைக்கூடத் தொடாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஒப்பந்தங்கள் பெரும்பாலும் 11 மாதத்துக்கே எழுதப்படுவதால், உயர்வும் சத்தமில்லாமல் 11 மாதத்துக்கு ஒருமுறை வந்துவிடுகிறது. உயர்வு 12 மாதத்துக்கு ஒருமுறைதான் என்று தனி வரியாக எழுதச் சொல்லுங்கள்.

அடுத்தது கரண்ட். உங்கள் வீட்டுக்குத் தனி ஈ.பி. இணைப்பு இருந்தால் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். வீட்டுக்காரரின் இணைப்பிலிருந்தே கரண்ட் எடுத்து, உங்கள் பங்கை மட்டும் அளக்கும் சப் மீட்டர் என்றால், அவர் யூனிட்டுக்கு 8, 9 ரூபாய் என்று ஒரே விலை சொல்வார். இரண்டு மாதத்தில் 300 யூனிட் ஓடினால் 9 ரூபாய் வீதம் 2,700 ரூபாய் ஆகும். தனி இணைப்பில் அதே 300 யூனிட்டுக்கு அதில் பாதிகூட வராது. கடைசி ஈ.பி. பில்லைக் காட்டச் சொல்லி, மொத்தத் தொகையை யூனிட்டால் வகுத்து வரும் விலையையே தருவதாகக் கேளுங்கள்.

படி 4: நேரில் பேசுங்கள்

வாட்ஸாப்பில் பேரம் பேசாதீர்கள்; மறுப்பது அங்கே மிக எளிது. வீட்டுக்காரரின் தொகையை ஏற்றுக்கொண்டு தொடங்குவதே என் வழக்கம்: “சார், வாடகை நீங்க சொன்னபடியே இருக்கட்டும். அட்வான்ஸை மட்டும் ஆறு மாசமா வச்சுக்கலாம், இன்னிக்கே டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துடறேன்.” இதைச் சொன்ன பிறகு அவர் வாய் திறக்கும்வரை பேசாமல் இருப்பதுதான் கடினம். அவர் வீட்டுக்குள் போய் மனைவியிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்றால், பேச்சு நல்ல திசையில் போகிறது என்று பொருள்.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 அன்று நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டத்தின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதப்பட்டிருந்தால் ஒழிய மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. ஆனால் முதல் சந்திப்பிலேயே சட்டம் பேசுகிறவருக்குச் சாவி கிடைப்பது கடினம்.

படி 5: எழுதி வாங்குங்கள்

காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு என்று ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வது இங்கே வழக்கமாகிவிட்டது. மூன்று ஆண்டுக்கு மேல் குடியிருந்தால் பிடித்தம் இல்லை என்று எழுதச் சொல்லுங்கள்; அதற்கு ஒப்பாவிட்டால், உச்சவரம்பாக ஒரு தொகையையாவது குறிப்பிடச் சொல்லுங்கள். சட்டப்படி அட்வான்ஸை, நீங்கள் தரவேண்டிய பாக்கி போக, காலி செய்த ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். இதையும் ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதும் அதே சட்டத்தில் உள்ள கடமைதான்.

பிற்சேர்க்கை: வீட்டுக்காரர் பான் எண் தர மறுக்கிறார் என்று சிலர் எழுதியிருந்தார்கள். பழைய வரிமுறையில் வீட்டு வாடகைப் படிக்கு விலக்குக் கோருபவர், ஆண்டு வாடகை ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டினால், அந்த எண்ணை அலுவலகத்தில் தர வேண்டும். ஆகவே டோக்கன் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். அவர் மறுத்தால், அதனால் நீங்கள் கூடுதலாகக் கட்டப்போகும் வரியையும் படி 3இன் கணக்கில் சேர்த்துக்கொண்டு, அந்த வீடு கட்டுப்படியாகிறதா என்று பாருங்கள்.