சைலன்சர் கத்தினால் பயமில்லை, டிக் டிக் என்றால் கவனம்

தூத்துக்குடியில் கார் பட்டறை வைத்திருக்கிறேன். “அண்ணே, சைலன்சர் பயங்கரமா கத்துது” என்று பதறி வருபவர்களைப் பார்த்தால் எனக்குப் பெரிய கவலை வராது. கத்துகிற ஓட்டை பெரும்பாலும் பின்னால், சத்தத்தை அடக்கும் மஃப்ளர் டப்பாவில்தான் இருக்கும். வெல்டிங் வைக்கலாம், இல்லை மாற்றிவிடலாம். இன்ஜினை ஒட்டி முன்பக்கம் புகை ஒழுகினால்தான் சிக்கல். அது கத்தாது.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் திறந்தவெளியில் வைத்து, பானெட்டைத் தூக்கிவிட்டு ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். முதல் ஒன்றிரண்டு நிமிடம்தான் முக்கியம். ‘டிக் டிக்’ என்று ஒரு சத்தம் வந்து, ஆக்சிலேட்டரோடு சேர்ந்து வேகமாகி, இன்ஜின் சூடானதும் அடங்கினால், இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கேஸ்கெட் (இணைப்பை அடைக்கும் தகடு) போயிருக்கலாம், அல்லது மேனிஃபோல்டே விரிசல் விட்டிருக்கலாம். இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். இன்ஜின் வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் சத்தமும் கிட்டத்தட்ட இப்படித்தான் கேட்கும். இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, டார்ச் அடித்து இணைப்புகளைப் பாருங்கள். ஒழுகும் இடத்தில் கரி கோடு போட்டதுபோல் படிந்திருக்கும். டேப்பெட் கரி விடாது.

இந்த ஒழுகலால் மைலேஜும் குறையும். புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜனை அளக்கும் சென்சாருக்கு முன்னால் ஓட்டை இருந்தால் வெளிக்காற்று உள்ளே போகும். பெட்ரோல் போதவில்லை என்று வண்டியின் கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு இன்னும் ஊற்றும். அதைவிட மோசம், புகை வண்டிக்குள் வருவது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஓட்டும்போது தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வந்து, இறங்கி நடந்தால் தெளிகிறது என்றால் வெயிலின் மேல் பழி போடாதீர்கள். கண்ணாடிகளை இறக்கி ஓரங்கட்டி, இன்ஜினை அணையுங்கள். சரிசெய்யும்வரை, நிற்கிற வண்டியில் ஏசி போட்டு யாரையும் தூங்க வைக்கவே வேண்டாம்.

ஓட்டை எங்கே என்று தெரியவில்லையா? இன்ஜின் சூடாகும் முன், கனமான துணியை மடித்து வால் குழாயை ஓரிரு விநாடி அடையுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக இருந்தால் அழுத்தம் கையைத் தள்ளும், இன்ஜின் திணறும். தள்ளாமல் அடியில் எங்கோ ‘உஸ்’ என்று கேட்டால் அங்கேதான்.

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டுகிறதே என்று கேட்பவர்கள் உண்டு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகும். காலையில் சொட்டுவது இயல்புதான். ஆனால் மார்க்கெட் வரை மட்டும் ஓடுகிற வண்டியில் குழாய் சூடாகி அந்தத் தண்ணீர் ஆவியாவதற்குள் வீடு வந்துவிடும். உள்ளே அது அரிக்க, வெளியே எங்கள் ஊர் உப்புக்காற்று அரிக்கும். மஃப்ளரின் அடிப்பக்கத்தை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். மொறுமொறுவென்று உள்ளே போனால் ஆயுள் முடிந்தது. தொழிற்சாலையே போட்ட சின்ன வடிகால் துளை ஒன்று இருக்கும், அதை ஓட்டை என்று அடைத்துவிடாதீர்கள்.

புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. பெட்ரோல் வண்டியில் கறுப்பாக வந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது. சூடான பிறகும் வெள்ளையாக, இனிப்பு வாடையோடு வந்தால் இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் உள்ளே போகிறது. இவை சைலன்சர் கோளாறு அல்ல, இன்ஜின் வேலை.

பிக்கப் செத்துப்போய், மேம்பாலம் ஏறவே முக்குகிறது என்றால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் அடைத்திருக்கலாம். வண்டி நன்றாக ஆறிய பிறகு அதை முஷ்டியால் தட்டுங்கள். கிலுகிலுப்பை மாதிரி குலுங்கினால் உள்ளே இருக்கும் தேன்கூடு மாதிரியான பகுதி உடைந்திருக்கிறது. அது பெரும்பாலும் தானாக உடையாது. பிளக் பொறி சரியாக விழாமல் மிஸ்ஃபயர் ஆகி, எரியாமல் தப்பிய பெட்ரோல் அங்கே போய் எரிந்து உருக்கிவிடும். மிஸ்ஃபயரைச் சரிசெய்யாமல் புதியது போட்டால் அதுவும் போகும். கழற்றிவிட்டு வெறும் குழாய் போடச் சொல்லி வருபவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

வேகத்தடையில் ‘தட்’ என்று அடித்தால் தொங்கு ரப்பர் அறுந்திருக்கும். விலை அற்பம், உடனே மாற்றுங்கள். இல்லாவிட்டால் குழாயின் பாரம் இணைப்புகளை முறிக்கும். வெல்டிங் வைப்பதானால் முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள், கம்ப்யூட்டர் தப்பிக்கும்.