கூட்டாக எழுதிய கையேட்டை 3.0 உரிமத்திலிருந்து 4.0-க்கு மாற்றுவது எப்படி?

தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளையும் அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களையும் பற்றி நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு கையேடு எழுதிவருகிறோம். கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை, அந்தந்தப் பகுதிக்காரர்களே எழுதித் தந்த பக்கங்கள். எல்லாம் கிட்ஹப்பில் இருக்கிறது, அதாவது கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' கருவியோடு இயங்கும் இணையதளத்தில். உரிமம் முன்பு கிரியேட்டிவ் காமன்ஸின் சிசி பை-எஸ்ஏ 3.0. எழுதியவர் பெயரைப் போட்டு யாரும் பயன்படுத்தலாம், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் தர வேண்டும் என்பது இந்த வகை உரிமம். அண்மையில் 4.0-க்கு மாற்றினோம். கிட்டில் கோப்பைச் சேர்ப்பது, கிளை பிரிப்பது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு வழியைச் சொல்கிறேன்.

ஏன் மாற்ற வேண்டும்? விக்கிப்பீடியா 2023 ஜூனில் 4.0-க்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு அங்கே எழுதப்பட்டதை 3.0 கையேட்டுக்குள் சேர்க்க முடியாது. பழைய பதிப்பிலிருந்து புதியதற்குப் போகலாம், திரும்பி வர முடியாது. இன்னொரு காரணமும் உண்டு. 3.0-இல் ஒருவர் பெயர் போட மறந்தால் அவருக்கிருந்த உரிமம் அப்போதே ரத்து. 4.0-இல், தவறு தெரியவந்த 30 நாளுக்குள் திருத்திவிட்டால் உரிமம் தானாகத் திரும்பக் கிடைத்துவிடும். பள்ளிப் பிள்ளைகள் எடுத்துப் பயன்படுத்தும் கையேட்டுக்கு இதுதான் நியாயமான ஏற்பாடு.

முதலில் யார் யார் எழுதினார்கள் என்ற பட்டியல். 'கிட் ஷார்ட்லாக்' கட்டளை பெயர்களைக் கொடுத்துவிடும். ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள், எங்களை அதிக நாள் பிடித்து வைத்த இடம் இதுதான். நம் ஊர்களில் பலர் எழுதியதை வாட்ஸ்ஆப்பில் அனுப்புவார்கள், யாராவது ஒருவர் மொத்தமாக ஏற்றிவிடுவார். கன்னடியன் கால்வாய்ப் பக்கத்தின் கிட் வரலாற்றில் இருப்பது ஒரே பெயர். உள்ளே இருக்கும் எழுத்தோ சேரன்மகாதேவிப் பெரியவர் ஒருவர் கோடு போட்ட நோட்டில் எழுதித் தந்தது. எந்த மடையை எப்போது திறப்பார்கள், கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்று பென்சிலில் குறித்து வைத்திருந்தார். பதிப்புரிமை அவருடையது, தட்டச்சு செய்தவருடையது அல்ல. ஆகவே ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து, ஏற்றியவரிடம் "இது யார் எழுதினது?" என்று கேளுங்கள். பதிலை லிப்ரே ஆபிஸ் கால்க் விரிதாளில் பக்கம், எழுதியவர், ஏற்றியவர், சம்மதம் என்று நான்கு பத்திகளில் குறித்து, அந்தக் கோப்பையும் திட்டத்திலேயே வையுங்கள். தொலைபேசி எண்ணை மட்டும் அதில் போடாதீர்கள்.

அடுத்தது சம்மதம் வாங்குவது. "அதுக்கென்ன, போட்டுக்கிடுங்க" என்று போனில் சொல்லிவிடுவார்கள். அது போதாது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் 30ஆம் பிரிவு உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது. இணையப் படிவம் எல்லாம் பெரியவர்களிடம் எடுபடாது, வாட்ஸ்ஆப் செய்திதான் சரி. நாங்கள் அனுப்பியது இது:

"அண்ணாச்சி, வணக்கம். நீங்கள் எழுதித் தந்த கன்னடியன் கால்வாய்ப் பக்கத்தை சிசி பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் வெளியிட உங்களுக்குச் சம்மதமா? யாரும் எடுத்துக்கொள்ளலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். உங்கள் பெயரைப் போட வேண்டும். மாற்றி வெளியிட்டால் அதையும் இதே உரிமத்தில்தான் தர வேண்டும். சம்மதம் என்றால் எழுத்தில் பதில் போடுங்கள்."

'விற்கவும் செய்யலாம்' என்பதை விட்டுவிடாதீர்கள். அதைத் தெரிந்து தரும் சம்மதம்தான் சம்மதம்.

எழுதியவர் காலமாகியிருந்தால் வாரிசுகளிடம் கேட்க வேண்டும். நம் நாட்டில் பதிப்புரிமை இறப்புக்குப் பிறகும் 60 ஆண்டு தொடர்கிறது.

சரி, ஆளையே பிடிக்க முடியவில்லை என்றால்? 3.0 உரிமத்திலேயே வழி இருக்கிறது. மாற்றியமைத்த படைப்பை அதே வகை உரிமத்தின் பிந்தைய பதிப்பில் வெளியிடலாம் என்று அதன் 4(பி) பிரிவு அனுமதிக்கிறது. நீங்கள் விரிவாகத் திருத்தி எழுதிய பக்கம் 4.0-க்குப் போகலாம். கை வைக்காத பக்கம் 3.0-இலேயே இருக்கட்டும், மேலே ஒரு வரி குறிப்பு போதும். இந்த வசதி ஒரே வகை உரிமத்துக்குள் மட்டும்தான். எல்லோரும் சேர்ந்து வரையும் உலக வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் 2012-இல் சிசி பை-எஸ்ஏ 2.0-ஐ விட்டு ஓடிபிஎல் என்ற வேறொரு உரிமத்துக்குப் போனபோது, சம்மதிக்காதவர்களின் பங்களிப்பை நீக்க வேண்டியதாயிற்று. இன்னொன்று, சிசி பை-எஸ்ஏ 1.0-இல் இந்தப் 'பிந்தைய பதிப்பு' வழியே கிடையாது. உங்கள் திட்டம் அவ்வளவு பழையது என்றால் எல்லோரிடமும் கேட்டே ஆக வேண்டும்.

படங்களைத் தனியாகப் பாருங்கள். மாற்றாமல் அப்படியே போட்ட படம் அதன் பழைய உரிமத்திலேயே இருக்கும், படத்தின் கீழே அதைக் குறியுங்கள்.

கோப்பு வேலை சுலபம். 4.0-இன் முழுச் சட்ட வாசகத்தை எளிய உரைக் கோப்பாக எடுத்து 'லைசென்ஸ்' கோப்பில் வையுங்கள். பிடிஎஃப் வேண்டாம், அதில் என்ன மாறியது என்று கிட் காட்டாது. மாற்றுவதற்கு முன் பழைய நிலைக்கு ஒரு 'டேக்' (அடையாளப் பெயர்) போடுங்கள். 3.0-இல் ஏற்கெனவே எடுத்துப் போனவர்களின் உரிமை அப்படியே தொடரும், அதை யாரும் திரும்பப் பெற முடியாது. நிரல் கோப்புகளுக்கு எம்ஐடி, ஜிபிஎல் என்று வேறு உரிமம் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். கடைசியாக 'ரீயூஸ்' கருவியை ஓட்டினால் உரிமக் குறிப்பு இல்லாத கோப்புகளைப் பட்டியலிடும். இதைவிட நல்ல கருவி நான் பார்க்கவில்லை.

பின்சேர்க்கை: அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர், வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் என்சி உரிமப் படத்தை வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். உரிமத்தைத் தனியே குறித்து வைக்கலாம்தான். ஆனால் கையேட்டை அச்சடித்து விற்க நினைப்பவர் அந்தப் படத்தைப் பிரித்து எடுக்க வேண்டிவரும். அதனால் எங்கள் கையேட்டிலிருந்து அப்படிப்பட்ட படங்களை எடுத்துவிட்டோம். மருதூர் அணைக்கட்டுக்கு மட்டும் இன்னும் படம் இல்லை. நீங்களே எடுத்தது இருந்தால், 4.0-இல் தருகிறேன் என்று ஒரு வரி எழுதிச் சேர்த்து அனுப்புங்கள்.