குழந்தைகளுக்கு ஏஐ பற்றிச் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விடுமுறை முகாம்களில் ஏஐ (செயற்கை நுண்ணறிவு) வகுப்பெடுக்கப் புதிதாக வரும் தன்னார்வலர்கள், நாங்கள் தொடக்கத்தில் செய்த அதே பிழைகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். கலைச்சொற்களைக் கொட்டுவது, நீட்டி முழக்குவது போன்றவற்றைக் குழந்தைகளின் கொட்டாவியே திருத்திவிடும். கொட்டாவி வராத தவறுகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

‘எல்லாப் புத்தகங்களும் உள்ள நூலகம்’

ஏஐயை இப்படி விளக்குவதைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. நூலகத்தில் கேட்ட புத்தகம் இருக்கும். இல்லாவிட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார்கள். நம் கேள்விக்குப் பதில் எழுதும் ஏஐ, அதாவது ‘மொழி மாதிரி’ (language model), அப்படி இயங்குவதில்லை. படித்த பக்கங்களை அது அடுக்கி வைத்திருப்பதில்லை. இதுவரை வந்த சொற்களை வைத்து அடுத்து எது வரக்கூடும் என்று கணிக்கிறது. அந்தக் கணிப்புக்கான எண்களே அதற்குள் இருக்கின்றன. 2020இல் வந்த ஜிபிடி-3 என்ற மொழி மாதிரியில் அவை 17,500 கோடி.

ஒரு முகாமில் நான்காம் வகுப்புச் சிறுமி, தன் ஊர் ஏரியை வெட்டியது யார் என்று ஏஐயிடம் கேட்டு, பதிலை நோட்டில் எழுதி வந்தாள். மன்னர் பெயர், ஆண்டு, மதகுகளின் எண்ணிக்கை எல்லாம் இருந்தன. அந்த ஊரில் யாருமே கேள்விப்படாத மன்னர். “இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?” என்றேன். “அதற்குள் இருக்கிற புத்தகத்தில், மிஸ்” என்றாள். முதல் நாள் வகுப்பில் கேட்டதை அப்படியே நம்பியிருந்தாள். அவள்மீது என்ன குற்றம்?

நூலகத்தை விட்டுவிட்டுக் கரும்பலகைக்குப் போங்கள். “யானை வரும் பின்னே, மணியோசை வரும்...” என்று நிறுத்தினால் வகுப்பே ‘முன்னே’ என்று கத்தும். அடுத்து, “அம்மா கடையில் வாங்கியது...” என்று நிறுத்துங்கள். பால் என்பார்கள், அரிசி என்பார்கள், ஒரு குழந்தை பலூன் என்னும். ஒவ்வொருவர் சொன்னதையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டுக் குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள். பால் அடிக்கடி வரும். எப்போதாவது பலூனும் வரும். ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் வருவது ஏன் என்பது அங்கேயே விளங்கிவிடும்.

பிறகு கேளுங்கள்: “அம்மா உண்மையிலேயே கடைக்குப் போனாளா?” குழந்தைகள் திருதிருவென்று விழிப்பார்கள். வாக்கியத்தில் பிழையில்லை, ஆனால் அம்மா போனதை யாரும் பார்க்கவில்லை. ஏரி வெட்டிய மன்னரும் இப்படி வந்தவர்தான். இதைச் சொல்லாமல் வகுப்பை முடிக்காதீர்கள். இணையத்தில் தேடிப் பதில் தரும் வசதி இப்போது பல ஏஐ செயலிகளில் உண்டு. அப்போதும் வாக்கியத்தை எழுதுவது இதே கணிப்புதான்.

நண்பனாக அறிமுகப்படுத்துவது

பெயர் சூட்டாதீர்கள், முகம் வரையாதீர்கள். 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோசப் வைசன்பாம் வெளியிட்ட எலைசா, நாம் தட்டச்சு செய்ததையே மாற்றிப்போட்டுக் கேள்வியாகத் திருப்பித் தந்த எளிய கணினி நிரல். அது உருவானதைப் பார்த்திருந்த அவருடைய செயலாளரே, அதனுடன் தனியாகப் பேச வேண்டும் என்று அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னார். பெரியவர்களுக்கே இந்த நிலை.

மூளைப் படம் வரைவது

வேண்டாம்.

‘சரிபார்த்துக்கொள்’ என்பதோடு நிறுத்துவது

எட்டு வயதுக் குழந்தைக்கு எங்கே சரிபார்ப்பது என்று தெரியாது. ஆளையும் இடத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். ஏரி பற்றி என்றால் ஊர்ப் பெரியவர்கள், கரையில் கல்வெட்டு இருந்தால் அது. பாடம் என்றால் ஆசிரியர். உடம்புக்கு ஏதாவது என்றால் முதலில் வீட்டுப் பெரியவர்களிடம்தான் சொல்ல வேண்டும்.