சமையலறைத் தரையை நாமே மாற்றலாம், ஆனால் முதலில் கிலோவைக் கணக்குப் போடுங்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பாடாங் செராயில் எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டின் பின்பக்கச் சமையலறைத் தரையைப் போன வருடம் நானே உடைத்து, நானே பூசி, நானே டைல் ஒட்டினேன். கொத்தனார் வேலை எனக்குத் தெரியாது, அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறவன். வீடியோ பார்த்துக் கைவேலையை ஓரளவு பிடித்துக்கொண்டேன். இடுப்பும் முட்டியும் என்ன பாடு படும் என்றுதான் யாரும் சொல்லவில்லை, அதனால் அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

சுவரை இடிப்பது, பின்பக்கம் நீட்டிக் கட்டுவது எல்லாம் இதில் வராது. அதற்கு நகராண்மைக் கழக அனுமதி வேண்டும், ஆளும் வேண்டும்.

முதல் படி, ஒரு தாளும் பேனாவும்.

என் சமையலறை 10 அடிக்கு 8 அடி, ஏறக்குறைய 7.4 சதுர மீட்டர். பழைய டைலும் அதன் கீழே இருக்கும் பூச்சும் சேர்ந்து 4 சென்டிமீட்டர் கனம் என்று வைத்துக்கொண்டால் வெளியே போக வேண்டிய கல்லும் மண்ணும் சுமார் 600 கிலோ. அதே கனத்துக்குப் புதுப் பூச்சு போட்டால் ஈரத்தோடு 650 கிலோ உள்ளே வர வேண்டும். டைல், பசை எல்லாம் இன்னொரு 200 கிலோ. ஆக, கிட்டத்தட்ட ஒன்றரை டன். அதுவும் ஒரே தடவை தூக்குவதோடு முடியாது. மணலை வாசலில் லோரி கொட்டிவிட்டுப் போய்விடும், அப்புறம் அதை அள்ளி, பின்பக்கம் கொண்டுபோய், கலக்கி, மறுபடி அள்ளி உள்ளே போட வேண்டும். உங்கள் அறையின் அளவை வைத்து இந்தக் கணக்கைப் போட்டுவிட்டு, மொத்தத்தை எத்தனை காலைகளில் முடிப்பது என்று பிரியுங்கள். காலை என்றுதான் சொல்கிறேன், நாள் என்று சொல்லவில்லை.

ஏனென்றால் எங்கள் அம்மா தோட்டத்தில் இருபது வருடம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவியவர். விடிவதற்கு முன்பே வெட்டுக்குப் போவார்கள், குளிர்ச்சி இருக்கும்போதுதான் பால் நன்றாக இறங்கும், வெயில் ஏறினால் குறைந்துவிடும். உடம்பும் அப்படித்தான் என்பது அம்மாவின் கட்சி. 7 மணிக்கு ஆரம்பித்து 11 மணிக்குக் கருவியைக் கழுவி வைத்துவிட வேண்டும். கெடாவில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை அடிக்கிற வெயிலில் மதியம் மண்வெட்டி பிடிக்கிறவன் வேலையை முடிக்க மாட்டான், படுக்கத்தான் போவான். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒரு கப் தண்ணீர் குடியுங்கள், தாகம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இடையில் உப்பு போட்ட நீராகாரம் எனக்கு நன்றாகப் பிடித்தது.

இரண்டாவது, உடைப்பது.

சுத்தியல் பிடியால் டைலைத் தட்டிப் பாருங்கள், பொள்ளென்று சத்தம் கேட்கிற இடத்தில் ஆரம்பியுங்கள், அங்கேதான் பிடிமானம் விட்டிருக்கும். உளியை நேராக நிறுத்தாமல் சாய்த்துப் பிடித்து டைலுக்கு அடியில் நுழைத்தால் முழுசாகக் கிளம்பும். நான் முதல் இரண்டு மணி நேரம் உளியோடு போராடிவிட்டு, ஹார்ட்வேர் கடையில் ஹேக்கிங் மெஷினை ஒரு நாளைக்கு வாடகைக்கு எடுத்துவந்தேன். வெட்கப்பட ஒன்றும் இல்லை. ஆனால் மெஷின் அதிர்கிற அதிர்வில் கை மரத்துப்போகும், பத்து நிமிடம் அடித்தால் ஐந்து நிமிடம் விடுங்கள். தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தரையை நனைத்துக்கொண்டே உடையுங்கள், அந்தப் புழுதியில் இருக்கும் சிலிக்கா நுரையீரலுக்கு ஆகாது. முகமூடி, கண்ணாடி, மூடிய சப்பாத்து கட்டாயம், செலிப்பரோடு நிற்க வேண்டாம்.

உடைத்ததை அள்ளுவதில்தான் நான் மாட்டினேன். எங்கள் ஊரில் காலி உரச்சாக்குக்குப் பஞ்சமே இல்லை, எந்தச் செம்பனைத் தோட்டத்துக்காரரைக் கேட்டாலும் ஒரு கட்டு கொடுப்பார். அதில் வாய்வரை நிரப்பிவிட்டேன். நானும் பக்கத்து வீட்டு அண்ணனும் ஆளுக்கு ஒரு முனை பிடித்தும் சாக்கு அசையவில்லை. பிடிவாதமாக ஒரு திருப்புத் திருப்பினேன், இடுப்பில் சுரீர் என்றது. நான்கு நாள் கோடாலித் தைலமும் படுக்கையும். அப்புறம் அந்தச் சாக்கை அவிழ்த்துக் கொட்டி, 10 கிலோ அரிசிப் பைகளில் மறுபடி அள்ளினேன். அந்தப் பை நிறைய இடிபாடு போட்டால் 15 கிலோ சொச்சம்தான் வரும், ஓர் ஆள் தாராளமாகத் தூக்கலாம். டைல் சில்லு கிழித்துவிடும், இரண்டு பையாகச் சேர்த்துப் போடுங்கள். எனக்கு நாற்பது பை ஆனது. பாரிட்டில் (வடிகாலில்) கொட்டிவிடாதீர்கள், குப்பைத் தொட்டி வாடகைக்கு விடுகிறவர்களிடம் கேளுங்கள்.

மூன்றாவது, கலக்குவது. சிமெண்டு மூட்டை 50 கிலோ. அதைத் தோளில் ஏற்றும் வீரம் நமக்கு வேண்டாம். மூட்டையைப் படுக்கவைத்தபடியே நடுவில் வெட்டி, வாளியில் அள்ளிக்கொள்ளுங்கள். பழைய 18 லிட்டர் சாய வாளி நிறைய சிமெண்டு எடுத்தால் அது அரை மூட்டை. அதற்கு அதே வாளியால் நான்கு வாளி மணல். ஆனால் ஒரு வாளி நிறைய மணல் என்றால் கிட்டத்தட்ட 29 கிலோ, ஒரு கையில் தொங்கினால் முதுகு ஒரு பக்கம் வளையும். இதைப் பார்த்துக்கொண்டே இருந்த அம்மா, "ஐயா, காண்டா கம்புல ஒரு பக்கம் மட்டும் வாளி மாட்டி நடக்க முடியுமா? அரை அரையா ரெண்டு கையிலயும் தூக்கு" என்றார். காண்டா கம்பு என்பது இரண்டு முனையிலும் வாளி மாட்டித் தோளில் சுமக்கும் கம்பு. அதில் பால் சுமந்தவர் சொன்னது, கேட்டேன். நடை இரண்டு மடங்கு ஆகும் என்று நினைத்தேன், ஆகவே இல்லை, இரண்டு கையிலும் சேர்த்து அதே ஒரு வாளிதானே.

பலகையின் மேல் மணலையும் சிமெண்டையும் தண்ணீர் இல்லாமல் மூன்று தடவை புரட்டுங்கள், ஒரே நிறமாக வர வேண்டும். நடுவில் குழி பறித்துக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விடுங்கள். பதம் பார்க்க ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள், கொழுக்கட்டை மாதிரி பிடி நிற்க வேண்டும், விரலிடுக்கில் தண்ணீர் வடியக்கூடாது. ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு செய்யுங்கள், ஈரச் சிமெண்டு காரம், தோலை அரித்துப் புண்ணாக்கிவிடும், எரிச்சல் உடனே தெரியாது, அதுதான் ஆபத்து. மண்வெட்டியைக் கையால் தூக்கிப் புரட்டாமல் காலை நகர்த்தி, உடம்போடு திருப்புங்கள். ஒரு கலவையை ஒரு மணி நேரத்துக்குள் தரையில் போட்டுவிட வேண்டும், அதனால் அரை மூட்டைக்கு மேல் ஒரே நேரத்தில் கலக்காதீர்கள்.

பூசுவதற்கு முன் தண்ணீர் போகும் ஓட்டையின் பக்கம் சரிவு குறியுங்கள். நூற்றுக்கு ஒன்று போதும், 10 அடி நீளத்துக்கு 3 சென்டிமீட்டர். தெளிவான ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி இரண்டு முனையையும் சுவரோடு பிடித்தால் மட்டம் கிடைக்கும், அங்கிருந்து அளந்து கோடு போடலாம். பழைய தரையை நனைத்து, சிமெண்டுப் பாலைத் துடைப்பத்தால் தடவி, அது காய்வதற்குள் கலவையைக் கொட்டி, நீளச் சட்டத்தால் இழுத்துவிடுங்கள். நான் நடுவில் ஒரு கட்டை வைத்து அறையை இரண்டாகப் பிரித்து, இரண்டு காலையில் போட்டேன். ஒரு காலைக்கு 325 கிலோ. அதற்கு மேல் முடியாது என்று கை சொன்னது. ஏழு நாள் ஈரச் சாக்கு போட்டு மூடிவைத்தேன் (உரச்சாக்கு கடைசியில் இதற்குத்தான் உதவியது), டைல் ஒட்டுவதற்கு மூன்று வாரம் விட்டேன்.

டைல் ஒட்டுவது எடை கம்மியான வேலை, ஆனால் முட்டி உயிரை வாங்கும். முட்டிக்குக் கட்டும் பஞ்சுறை வாங்குங்கள், அல்லது பழைய செலிப்பரைத் துணியில் சுற்றிக் கட்டுங்கள். அடி நீளச் சதுர டைலே போதும், பெரியது வேண்டாம். நடுக்கோட்டிலிருந்து ஆரம்பித்து, ஓரத்தில் பல் வெட்டிய கரண்டியால் பசையை இழுத்து, டைலை வைத்து லேசாக அசைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள். நான்கைந்து வைத்ததும் எழுந்து நின்று முதுகை நிமிர்த்துங்கள், அதே சாக்கில் ரசமட்டமும் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். பின்பக்கமாக நகர்ந்து கதவில் முடியுங்கள், எங்கள் வீட்டில் நான் கிட்டத்தட்ட அடுப்பு மூலையில் அடைபட்டிருப்பேன். மறுநாள் இடுக்கை நிரப்பலாம்.

எல்லாம் காய்ந்ததும் அம்மா ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தார். ஓட்டையை நோக்கி ஓடியது. ஒரு டைலின் மேல் மட்டும் உள்ளங்கை அளவுக்குத் தேங்கி நின்றது. அந்த இடத்தில் இப்போது அரிசி டின் இருக்கிறது.