சோற்றை நிறுத்தினால் எடை குறைந்துவிடுமா?

எடையைக் குறைக்கணும் என்று முடிவெடுத்ததும் நம் வீடுகளில் முதலில் பலியாவது இரவுச் சோறு. அந்த இடத்துக்குச் சப்பாத்தி வந்துவிடும். சரி, கணக்கைப் பார்ப்போம். 100 கிராம் அரிசியிலும் சரி, 100 கிராம் கோதுமை மாவிலும் சரி, ஏறக்குறைய 350 கலோரிதான். கோதுமையில் நார்ச்சத்தும் புரதமும் கொஞ்சம் கூடுதல், மறுக்கவில்லை. ஆனால் நாலு சப்பாத்தியை எண்ணெய் விட்டுச் சுட்டு, தேங்காய் அரைத்த குருமாவையும் வழித்துச் சாப்பிட்டால் விட்ட சோற்றைவிட அதிகமாகவே உள்ளே போயிருக்கும். சப்பாத்திக்கு மாறி இளைத்தவர்கள் இருக்கிறார்களே என்றால், அவர்கள் இரண்டோடு எழுந்துவிட்டார்கள், அவ்வளவுதான். சோறு என்றால் சாம்பாருக்கு, ரசத்துக்கு, மோருக்கு என்று மூன்று முறை தட்டுக்கு வரும். சாமை, தினை, வரகுக்கும் இதே கதைதான், பெயர் மாறினால் போதாது, அளவு குறையணும்.

எண்ணெய் விஷயத்தில்தான் பெரிய ஏமாற்றம். ஒரு கிராம் மாவுச்சத்தும் புரதமும் 4 கலோரி தரும், கொழுப்பு 9 தரும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் சுமார் 120 கலோரி, அது செக்கில் ஆட்டியதாக இருந்தாலும். "நல்ல எண்ணெய்தானே" என்று தோசையைச் சுற்றித் தாராளமாக ஊற்றுகிறவர்கள் இதை யோசிப்பதே இல்லை. நாட்டுச் சர்க்கரைக்கும் வெள்ளைச் சர்க்கரைக்கும் கலோரியில் பெரிய வித்தியாசம் கிடையாது. வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் கொழுப்பு கரையும் என்பதும் வெறும் பேச்சு. உள்ளே போவது ஒரு கரண்டிச் சர்க்கரை.

அப்புறம் பட்டினி. முதல் வாரத்தில் மளமளவென்று இறங்கும் எடையில் பெரும்பங்கு தண்ணீர்தான், ஏனென்றால் தசையிலும் கல்லீரலிலும் சேமித்த மாவுச்சத்து தன்னோடு தண்ணீரையும் பிடித்து வைத்திருக்கும், அது செலவானால் தண்ணீரும் போய்விடும். புரதத்தையும் சேர்த்துக் குறைத்தால் தசையும் கரையும். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்குப்படி ஒரு கிலோ எடைக்கு நாளைக்கு 0.83 கிராம் புரதம், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 50 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம்தான். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள், அந்தத் தண்ணிச் சாம்பாரில் எவ்வளவு பருப்பு என்று சமைக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

வைட்டமினில் கலோரியே கிடையாது. அதனால் அது எடையை ஏற்றவும் செய்யாது, குறைக்கவும் செய்யாது; குறைபாடு இல்லாதவருக்குத் தனியாகத் தெம்பும் தராது. பி வகைகளும் சியும் நீரில் கரைவன, மிச்சத்தில் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். ஏ, டி, இ, கே கொழுப்பில் கரைந்து உடம்பில் தங்குபவை. இங்கேதான் வைட்டமின் டி ஆபத்து. 60,000 யூனிட் மருந்தை மருத்துவர் வாரம் ஒன்று என்று சில வாரங்களுக்கு எழுதியிருப்பார், நம்மவர்கள் அதே பழைய சீட்டை மருந்துக்கடையில் நீட்டி மாதக்கணக்கில் விழுங்குவார்கள், சிலர் வாரம் ஒன்றைத் தினம் ஒன்றாக்கிவிடுவார்கள். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். வெயிலிலேயே பெற்றுக்கொள்கிறேன் என்பவர்கள் காலை ஆறரை மணி இளவெயிலில் நிற்கிறார்கள், அதில் தேவையான புற ஊதா பி கதிர் மிகக் குறைவு. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். கண்ணாடி ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்தால் பயனில்லை.

இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு விழுங்குவதும் சகஜம். இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். கீரை, பருப்பில் உள்ள இரும்பை உடம்பு நன்றாக எடுத்துக்கொள்ள எலுமிச்சையோ நெல்லிக்காயோ உதவும்.

பி12 இயல்பாகக் கிடைப்பது முட்டை, மீன், இறைச்சி, பால் போன்றவற்றில்தான். சுத்த சைவமாக இருந்து, சர்க்கரைக்காகப் பல வருடமாக மெட்ஃபார்மின் மாத்திரையும் சாப்பிடுகிறவர்களுக்கு இது குறைய இரட்டை வாய்ப்பு. கால் மரத்துப்போனால் எல்லாம் சர்க்கரையால்தான் என்று விட்டுவிடாமல், பி12 அளவையும் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். பி12 குறைந்தவர்கள் ஃபோலிக் ஆசிட் (இதுவும் ஒரு பி வைட்டமின்தான்) மட்டும் தாங்களாகவே வாங்கிப் போட்டால் ரத்தசோகை சரியானதுபோலத் தெரியும், நரம்புப் பாதிப்போ தொடர்ந்துகொண்டிருக்கும்.