இணைய வாசிப்பைக் கற்பிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓர் இணையப் பக்கத்தை நம்பலாமா என்று தெரிந்துகொள்ள, அதை முழுக்கப் படித்துப் பார்க்கச் சொல்வது ஆசிரியர்களின் வழக்கம். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியராக இருந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூவுடன் சேர்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தால், முதல் தவறே அதுதான் என்பது விளங்கும். வரலாற்றறிஞர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பாளர்கள் 10 பேர், அப்பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர்கள் 25 பேர் ஆகியோரிடம் இரண்டு தளங்களை ஒப்பிடும் பணி தரப்பட்டது. ஒன்று, 1930-இல் தொடங்கி இன்று 60,000-க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்டுள்ள அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியினுடையது. மற்றொன்று, ஒருபாலினத் தம்பதியர் தத்தெடுப்பதை அந்த அகாடமி ஆதரித்ததை ஏற்காமல் பிரிந்த சிறு குழு 2002-இல் அமைத்த அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கல்லூரி என்னும் சங்கத்தினுடையது. மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இரண்டாவதையே கூடுதல் நம்பகமானதாகக் கருதினர்.

அவர்கள் அசட்டையாகப் படித்தவர்கள் அல்லர். தலைப்பு, அமைப்பின் பெயர், பக்கத்தின் நேர்த்தி, மேற்கோள்கள் என்று மேலிருந்து கீழ்வரை பார்த்தார்கள்; பார்த்தவை எல்லாம் அந்தத் தளத்தார் அடுக்கிவைத்தவையாகவே இருந்தன. சரிபார்ப்பாளர்களோ சிறிது நேரத்திலேயே பக்கத்தை விட்டு வெளியே வந்து, புதிய டேப்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினர். இதைத்தான் வைன்பர்க் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்.

ஆகவே, எழுதியவர் யார், எப்போது எழுதினார், இணைய முகவரி டாட் ஆர்க் (.org) என முடிகிறதா என்ற சரிபார்ப்புப் பட்டியலை மாணவர் கையில் கொடுத்துவிட்டு நிறைவடைவது அடுத்த தவறு. டாட் ஆர்க் முகவரியை யார் வேண்டுமானாலும் பணம் கட்டிப் பெறலாம். அறிமுகப் பக்கத்தில் எவரும் தம்மைக் குறைவாக எழுதிக்கொள்வதில்லை.

எந்நேரமும் கைபேசியோடு இருக்கும் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தானாகவே தெரியும் என்று எண்ணுவதும் பிழை. வைன்பர்க் குழுவினர் 2016-இல் வெளியிட்ட அறிக்கைக்காக, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 170 பேருக்கு உருச்சிதைந்த டெய்சி மலர்களின் படமொன்று காட்டப்பட்டது; ஜப்பானின் ஃபுகுஷிமா அணு உலை விபத்தின் விளைவு என்று அதன் குறிப்பு சொன்னது. படத்தை யார் எடுத்தார், எங்கே எடுத்தார் என்பதற்கு அதில் ஆதாரமே இல்லை. ஆயினும் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் அதை வலுவான சான்றாக ஏற்றனர்.

இதைக் கண்டு அஞ்சி, இணையத்தில் எதையுமே நம்பாதே என்று கற்பிப்பதை நான் இன்னும் கடுமையான தவறாகவே கருதுகிறேன். எல்லாவற்றையும் ஐயுறும் மாணவருக்கு நல்ல மருத்துவத் தகவலும் பொய்யும் ஒன்றாகிவிடும். விக்கிப்பீடியாவைத் தொடக்கூடாது எனத் தடுப்பதும் இவ்வகையே. சரிபார்ப்பாளர்கள் அதைத் தொடக்கப்புள்ளியாகக் கொண்டு, அடியில் உள்ள சான்றுகளுக்குச் சென்றார்கள்.

ஆண்டுக்கொரு முறை கருத்தரங்கு நடத்தி முடித்துக்கொள்வதும் போதாது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் லிங்கன் நகரின் உயர்நிலைப் பள்ளிகளில், வழக்கமான குடிமையியல் வகுப்புக்குள்ளேயே 50 நிமிடப் பாடங்கள் ஆறு நடத்தப்பட்டன; அவற்றைப் பெற்ற மாணவர்கள், பெறாதவர்களைவிடக் கூடுதலாக முன்னேறினர். அப்பாடங்களில் ஆசிரியர் தாமே தேடிக் காட்டி, ஒன்றைத் திறந்து மற்றொன்றை விடுவது ஏன் என்பதை வாய்விட்டுச் சொன்னார். மாணவர் அதைப் பார்த்த பிறகே தாமாகத் தேடினர்.